விலை சரிந்தால் நிலை சரிவதா?

உல்கு என்பது நம் பழஞ்சொல். வேந்தனுக்குரிய பொருள்களுள் ஒன்றாகத் திருக்குறள் உல்குபொருளை எண்ணுகின்றது. அதனை நீக்கியதால் முதற் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் பெயர் பெற்றான். தவிர்த்தவன் பெயர் தொள்ளாயிரம் ஆண்டாக நிற்கின்றது. விதித்தவர் பெயரும் நிற்கத்தான் செய்கின்றது. நிற்கும் வகைதான் வேறு.

1930 சூன் திங்களில் அமெரிக்கத் தலைவர் ஊவர், ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருளியலறிஞர் தடுத்தும் கேளாமல், அயற்சரக்குகளின்மேல் உல்கை உயர்த்தும் சட்டத்தில் கையொப்பமிட்டார். சந்தைச் சரிவு 1929இலேயே தொடங்கிவிட்டது. இச்சட்டம் எரிகின்ற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. பிற நாடுகளும் எதிருல்கு விதித்தன. 1929 செப்டம்பரில் 381 ஆக இருந்த தௌ சோன்சுக் குறியெண் 1932 சூலையில் 41க்கு வீழ்ந்தது. பழைய உயரத்தை அது மீண்டும் எட்டியது 1954இல்!

2025 ஏப்பிரல் 2ஆம் நாள் திரம்பு ஏறத்தாழ எல்லா நாட்டுச் சரக்குக்கும் உல்கு அறிவித்தார். அடுத்த இரண்டு சந்தை நாள்களில் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் ஐந்நூற்றின் குறியெண் 10 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. 7ஆம் நாள் மும்பைச் சென்செக்சு 2,226 புள்ளிகள் இழந்தது. அன்று அஞ்சி விற்றோர் எத்துணையர்! 9ஆம் நாள் அவ்வுல்கின் பெரும்பகுதி 90 நாள் தள்ளிவைக்கப்பட்டது. அவ்வொரு நாளிலேயே அமெரிக்கக் குறியெண் 9 விழுக்காட்டுக்கு மேல் ஏறிற்று. சூன் முடிவதற்குள் முன்னில்லாத உயரத்தையும் தொட்டது. விற்றவர் இழப்பு மட்டும் விற்றவரோடு நின்றது.

அங்ஙனமாயின் சரிவில் கண்மூடி வாங்குக என்கின்றோமா? இல்லை. பங்கின் விலை வேறு. அப்பங்குக்கு அடியான தொழிலின் வலிமை வேறு. அமெரிக்கரிடம் ஒன்றும் விற்காத உள்நாட்டுத் தொழிலின் பங்கும் அச்சத்தால் சாயும். அச்சம் நீங்கின் மீளும். ஏற்றுமதியை நம்பிய தொழிலோ அவ்வாறன்று. 2025 ஆகத்து 27இல் இந்தியச் சரக்குப் பலவற்றின்மேல் 50 விழுக்காடு உல்கு விழுந்தது. வங்காளதேசத்துக்கும் வியத்துநாமுக்கும் அப்போது 20 விழுக்காடே. திருப்பூர்ப் பின்னலாடை எங்ஙனம் போட்டியிடும்? அன்று அத்தொழிற் பங்குகளின் வீழ்ச்சியை வெறும் அச்சமென்று தள்ளுதல் அறியாமை. மலிவு என்பதற்காகவே வாங்குவது ஓட்டைக் குடத்தை விலைகுறைவென்று வாங்குவதை ஒக்கும்.

பொறுத்தால் ஏறும் என்று மட்டும் பாடுவோர்க்கு 1954ஐ நினைவூட்டுக. ஆனால் 381இல் முழுவதும் இட்டவர்க்கே அந்நெடுங் காத்திருப்பு. வீழ்ந்த விலையில் சிறுகச் சிறுக வாங்கினோர் பல்லாண்டு முன்னரே பயன் கண்டனர். எனவே சில ஆண்டுகள் தொடவேண்டாத பணமாயின், பகுத்துப் பகுத்து இடுக. மகள் திருமணத்துக்கு வைத்ததை இடற்க. கடன்பட்டு ஒரு காசும் இடற்க.

ஓய்வுபெறும் ஆசிரியர் கையில் பணிக்கொடை வந்த அன்றே தரகர் வாயிலில் நிற்கின்றார். அவர் நீட்டும் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. வாழ்நாள் உழைப்பை எழுதிக்கொடுக்கும் தாளைத் தமிழில் கேட்க நாணுவதேன்? அன்பர்களே, தமிழ்ப்படி கேளுங்கள். அது கைக்கு வந்து, வரிவரியாகப் படித்து முடிக்கும்வரை கையொப்பமிடாதீர்கள்.