‘கேள்’ என்ற வினைச்சொல்லும் உளவியல் முதலுதவியும்

பேரிடர்க்கால உளவியல் முதலுதவிப் பயிற்சிகளில் மொழிக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசி இடம். கையேடும் வகுப்பும் ஆங்கிலத்தில். களத்துக்குப் புறப்படும்போது, ‘மக்கள் மொழியில் சொல்லிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி. இந்த வரிசையே பிழை என்பது என் வாதம்.

உலக சுகாதார நிறுவனம் பிற அமைப்புகளோடு சேர்ந்து 2011இல் வெளியிட்ட களப்பணியாளர் கையேடு மூன்று செயல்களைக் கூறுகிறது: பார்த்தல், கேட்டல், இணைத்தல். தமிழில் ‘கேள்’ என்பது செவிமடுத்தலையும் வினவுதலையும் ஒருங்கே குறிக்கும். கையேடோ, தேவைகளை விசாரிக்கச் சொல்கிறது. நடந்ததை விவரிக்கும்படி எவரையும் வற்புறுத்தலாகாது என்கிறது. ‘கேளுங்கள்’ என்று மட்டும் கற்றுச் செல்லும் இளைஞர், பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் ‘அப்போது எங்கே இருந்தீர்கள்?’ என்று தொடங்கினால், அந்தப் பிழை யாருடையது?

‘எப்படி உணர்கிறீர்கள்?’ என்பது இன்னொன்று. இழவு வீட்டுக்கு வரும் உறவினர் எவரும் இப்படிக் கேட்பதில்லை. ‘ஏதாவது சாப்பிட்டீங்களா? ராத்திரி கண்ணசந்தீங்களா? கூட யார் இருக்காங்க?’ என்பார். பசி, உறக்கம், துணை என முதலுதவியாளர் முதலில் அறிய வேண்டியவை அதிலேயே அடங்கிவிடுகின்றன. ‘கவுன்சலிங்’ என்றாலோ, தமிழகத்தில் பலருக்கும் பொறியியல் சேர்க்கைதான் நினைவுக்கு வரும்.

‘அவசர வேளையில் சொல்லாராய்ச்சி எதற்கு? மொழிபெயர்ப்பாளர் போதாதா?’ என்பர். பயிற்சி நடப்பது பேரிடருக்கு முன்னர். அப்போது நேரமில்லை என்பது வெறும் சாக்கு. மொழிபெயர்ப்பாளர் பற்றிய கேள்விக்குப் பெட்டிமுடியை நினைவூட்டுகிறேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் அவ்வூரை மூடிய மண்சரிவில் பலியானோர் 70 பேர். நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. மலையாளம் ஆட்சிமொழியான மாநிலத்தில், பலியானவர்கள் தமிழ் பேசும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். உடல் கிடைக்காத வீட்டில் ‘இறந்துவிட்டார்’ என்பதா, ‘காணவில்லை’ என்பதா? அந்த முடிவை மொழிபெயர்ப்பாளர் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கலாமா?

நமக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. போர்க்கால யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ‘மனவடு’ என்ற பெயரில் தமிழிலேயே நூல் எழுதினார். வடு என்றால் என்னவென்று எந்தக் கிராமத்தவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நான் வசிக்கும் நீலசந்திராவில் ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் உருதுவும் ஒலிக்கின்றன. போபால் முதல் ஆழிப்பேரலை வரை அனுபவம் பெற்ற நிம்ஹான்ஸ் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. இத்தகைய நகரில் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும், தாம் பணியாற்றப்போகும் மக்களின் பேச்சுமொழியில் உரையாடிப் பழக வேண்டும். அந்த உரையாடலை அம்மொழி பேசும் எளிய மனிதர் ஒருவர் மதிப்பிட வேண்டும். அவர் தலையசைத்த பின்னரே சான்றிதழ் வழங்க வேண்டும்.

மொழியியல் துறைகளுக்கும் இதில் பொறுப்புண்டு. வட்டார வழக்கில் துயரத்துக்கும் இழப்புக்கும் உள்ள சொற்களைத் தொகுத்து ஆய்வேடுகளில் அடைத்து வைத்திருக்கிறோம். அவற்றைப் பயிற்சியாளர்களின் கையில் சேர்க்க அடுத்த பேரிடர் வரை காத்திருக்க வேண்டியதில்லை.