பிள்ளைகள் சுமக்கும் பாரம்



பிள்ளை பாடசாலைக்குப் போக மறுக்கிறது, இரவில் உறங்குவதில்லை என்று கலங்கி வரும் பெற்றோர் ஒரு மன்றாட்டுக் கேட்கிறீர்கள். மன்றாடுகிறேன். மருத்துவரிடம் காட்டினீர்களா என்று வினவினால் மட்டும் தலை குனிகிறது. “விசர் என்று சனம் கதைக்கும், பாதர்.” கால் முறிந்த பிள்ளையை, கேவலார் அன்னைக்கு நேர்த்தி வைத்துவிட்டு வீட்டிலேயே கிடத்துவீர்களா?

வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளின் நிலை இன்னும் கொடியது. தாய் விடியுமுன் துப்புரவு வேலைக்குப் போகிறார். தந்தை நள்ளிரவுவரை உணவகச் சமையலறையில் நிற்கிறார். வீட்டில் யேர்மன் மொழி அறிந்த ஒரே ஆள் பதின்மூன்று வயதுப் பிள்ளை. யொப்சென்டரிலும் வைத்தியரிடமும் அதுவே மொழிபெயர்க்கிறது. வதிவிட அனுமதி மறுக்கப்பட்ட கடிதத்தை முதலில் வாசிப்பதும் அதுதான். தாயின் நோயைத் தாய்க்கே எடுத்துரைக்க வேண்டிய பிள்ளை, தன் நோயை எவரிடம் உரைக்கும்? நாமோ “கெட்டிக்காரப் பிள்ளை” என்று மெச்சுகிறோம்!

அரசின்மீதும் குற்றம் உண்டு. தஞ்சம் கோருவோருக்கு மட்டுப்படுத்திய மருத்துவ உதவியே வழங்கும் காலத்தை, 2024இல் 18 மாதங்களிலிருந்து 36 ஆக நீட்டினார்கள். உளச்சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவும் நேர்கிறது. ஆயினும் திறந்திருக்கும் கதவுகளையும் நாமல்லவா சாத்துகிறோம்? கரித்தாஸ் நிலையங்களில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்குமான ஆலோசனை இலவசம். 116111 என்ற எண்ணில் பிள்ளைகள் பெயர் சொல்லாமலே பேசலாம். பொது மருத்துவக் காப்புறுதி உள்ள பிள்ளைக்கு உளச்சிகிச்சைச் செலவைக் காப்புறுதியே ஏற்கும். அங்கே சொன்னது வெளியே வராது. நமது பிறந்தநாள் மண்டபத்தில் சொன்னதுதான் அன்றிரவே பாரிஸ்வரை போகும்.

இதெல்லாம் விசுவாசக் குறைவு என்போருக்கு ஒரு கேள்வி. 1996இல், போரின் நடுவே, மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கியவர்களுள் ஒருவர் இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளார். போர் கண்ட பிள்ளைகள் அங்கே களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள், நாடகம் ஆடினார்கள். செபிக்கத் தெரியாமலா அவர் அந்தப் பூங்காவை அமைத்தார்?

யேர்மன் மொழி நன்கறிந்த பெரியவர்கள் வரும் ஞாயிறு திருப்பலியின்பின் என்னிடம் பெயர் தாருங்கள். அலுவலகத்துக்கும் வைத்தியரிடமும் அப்பெற்றோருடன் இனி நீங்கள் செல்லுங்கள். அந்த நேரத்தில் பிள்ளை வகுப்பறையில் இருக்கட்டும்.