துபகுண்டா போட்ட கணக்கு

போதை ஒழிப்பு என்றதும் அரசு அலுவலகங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பேனர். அப்புறம் பள்ளிக் குழந்தைகளின் உறுதிமொழி, ஓர் ஊர்வலம், அமைச்சரின் கொடியசைப்பு. மறுநாள் கடை வழக்கம்போலத் திறக்கும். 2020 ஆகஸ்ட் 15இல் 272 மாவட்டங்களில் தொடங்கிய 'நஷா முக்த் பாரத்' இயக்கத்துக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் நடந்த கதை வேறு. அங்கு பெண்களைத் திரட்டியது போதை ஒழிப்புத் திட்டம் அல்ல, எழுத்தறிவு வகுப்பு. துபகுண்டா கிராமத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற பெண்கள், பாடத்தில் வந்த குடிகாரக் குடும்பத்தின் கதையைத் தங்கள் வீட்டுக் கதையாகவே வாசித்தார்கள். கூலியில் எவ்வளவு சாராயக் கடைக்குப் போகிறது, எவ்வளவு அடுப்புக்கு வருகிறது என்று பேச்சு எழுந்தது. 1992இல் கடையை மூட வைத்தார்கள். அந்தச் செய்தி அடுத்த பாடநூலில் ஏற, மற்ற ஊர்களிலும் பெண்கள் கிளம்பினார்கள். சாராய ஏலம் நடத்துவதே அதிகாரிகளுக்குப் பெரும்பாடாயிற்று.

தினமும் கூடுகிற வகுப்பு. யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்த கூட்டம். ஜீப்பில் வந்து சொற்பொழிவாற்றித் திரும்புபவரால் இதைச் செய்ய முடியாது.

1993 அக்டோபரில் சாராயம் தடை செய்யப்பட்டது. முழு மதுவிலக்கு வாக்குறுதியோடு 1994 தேர்தலில் வென்றவர் என்.டி. ராமராவ். 1980களில் அவர் ஆட்சியில்தான் 'வாருணி வாஹினி' என்ற திட்டத்தின் மூலம் அரசே கிராமங்களுக்குச் சாராயம் சப்ளை செய்தது. (அரசியலில் மறதியும் ஒரு தகுதிதான்.) 1995 ஜனவரியில் வந்த மதுவிலக்கு, அவருடைய மருமகன் சந்திரபாபு நாயுடுவின் ஆட்சியில் 1997இல் தளர்த்தப்பட்டது. கஜானா காலி, கள்ளச் சரக்கு என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

சட்டம் வந்ததும் காவல் பெண்களிடமிருந்து போலீசுக்கு மாறியது. ஏற்கெனவே குடிக்கு அடிமையானவனைப் பற்றி அந்தச் சட்டத்துக்கு அக்கறை இல்லை. அந்த அலட்சியம் இன்னும் தீரவில்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. பேனருக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி, ஒன்றியத்துக்கு ஒரு சிகிச்சை முகாமுக்குப் போனால் கணக்கு மாறும்.

நெல்லூர்ப் பெண்கள் இதற்கிடையே இன்னொரு கணக்கையும் தொடங்கியிருந்தார்கள். கடைக்குப் போன காசிலிருந்து நாளுக்கு 1 ரூபாய் சேமிக்கும் 'பொதுபு லட்சுமி' குழுக்கள். அதற்கு மட்டும் யாரும் ஏலம் கேட்க வரவில்லை.