மேல்தளமும் கீழ்த்தளமும்



தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுவோர், அதில் முதல் வகுப்புக்கெனத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருப்பதை அறிவர். கட்டணம் வேறு, ஆயினும் இரு வகுப்பாரும் கடற்கரை நிலையத்தை ஒரே நொடியில்தான் அடைகின்றனர். 1931ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில் ஓடும் தடம் இது. அந்தக் கடற்கரை நிலையத்தை அடுத்த துறைமுகத்திலிருந்துதான் நம் பாட்டனார் காலத்து மக்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினர். கடலில் வகுப்பு என்பதன் பொருள் இன்னும் கடுமையாய் இருந்தது.

1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் மலாயாவுக்கும் இடையே சென்று வந்தது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ‘டெக்’ பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. அறைப் பயணிகளோ மிகச் சிலர். உணவுக்கூடமும் ஓய்வுக்கூடமும் உலாவும் மேல்தளமும் அச்சிலருக்கே உரியவை. தகரப் பெட்டியோடு வந்த தோட்டத் தொழிலாளர் கிடைத்த இடத்தில் பாய் விரித்தனர். அதுவே படுக்கை, அதுவே கூடம்.

மிகுதியாய்ப் பணம் கொடுத்தவர் மெத்தையில் உறங்குவதை நாம் குறைகூறவில்லை. ஆனால் சீட்டின் அதிகாரம் அத்துடன் நிற்கவில்லை. கப்பல் கரைசேர்ந்ததும், தொற்றுநோய்த் தடுப்புக்கென, பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவிலும் சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான் தீவிலும் டெக் பயணிகள் நிறுத்திவைக்கப்பட்டனர். அறைப் பயணிகள் பொதுவாகத் தம் வழியே சென்றனர். நோய் என்ன, சீட்டைப் பார்த்தா பற்றும்?

1912 ஏப்ரல் 15 அன்று ‘டைட்டானிக்’ மூழ்கியபோது, முதல் வகுப்பாரில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் பிழைத்தனர். மூன்றாம் வகுப்பாரில் ஏறத்தாழ இருபத்தைந்து பேரே. அக்கப்பலில் இரண்டாம் வகுப்பில் பயணம் செய்தவர் அருள்தந்தை தாமஸ் பைல்ஸ். முந்திய நாள் ஞாயிறன்று, தம் வகுப்பாருக்குத் திருப்பலி நிறைவேற்றியபின், மூன்றாம் வகுப்பாரிடமும் சென்று நிறைவேற்றினார். இறுதி நேரத்திலும் அவர்களோடு செபித்து நின்று உயிர்துறந்தார். சீட்டு பிரித்துவைத்த மக்களை அவருடைய அன்பு பிரித்துப் பார்க்கவில்லை.

ரஜூலா 1970களில் ஓய்ந்தது. மூன்றாம் வகுப்பு என்ற பெயரையும் ரயில்வே 1974இல் நீக்கிவிட்டது. பெயர் போயிற்று, கதவுகள் போயினவா? நம் புறநகரில் நாளுக்கு நாள் உயரும் அடுக்குமாடிக் கட்டடங்களில், வீட்டு வேலைக்கு வரும் தாய்மார் எல்லாருக்கும் உரிய லிப்டில் ஏறத் தடையுண்டா? நம் சமையலறையில் அவர்களுக்கென்று ஒரு தம்ளர் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறதா? விருந்தில் அவர்களுக்குக் கடைசிப் பந்திதானா?

வசதிக்கு விலை குறிக்கலாம். மனித மாண்புக்கும் உயிர்க்காப்புக்கும் விலை குறித்தல் தகாது. இன்றிரவு குடும்பமாய் அமரும்போது, நம் வீட்டில் எந்தக் கதவு யாருக்குச் சாத்தப்பட்டிருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் காணாததை அவர்கள் கண்டிருப்பார்கள்.