குழலின் மேலுள்ள எழுத்து

பழந்துப்பாக்கிகளுக்கு அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் 'துப்பாக்கி, 18ஆம் நூற்றாண்டு' என்ற ஒற்றை வரியே வாய்க்கிறது. கல்வெட்டைப் படியாமல் 'கல்' என்று எழுதிவைப்பதற்கு இது ஒப்பாகும். அமெரிக்க வின்செஸ்டர் நெம்புகோல் துப்பாக்கி கிடைத்தால், குழல் எண்கோணமா வட்டமா என்பதையே சேகரிப்பாளர் முதலில் நோக்குவர். அந்த நுண்மை நம் படைக்கலங்களுக்கு ஏன் மறுக்கப்படுகிறது?

சித்தூர் வட்டாரத்திற்கு இஃது அயலான வினாவன்று. 1782 டிசம்பரில் ஹைதர் அலி உயிர்நீத்த நரசிங்கராயன்பேட்டை சித்தூரை அடுத்ததே. திப்புவின் பட்டறைகளில் உருவான துப்பாக்கிகள் பலவற்றில் புலிவரிக் கோலம், ஹைதரின் பெயர்ப் பொறிப்பு, மௌலூதி ஆண்டு ஆகியவை உண்டு. ஆண்டு முறையை அறியாதவர் இங்கே வழுக்கிவிழுவர். 1215 என்பது மௌலூதியாயின் பொது ஆண்டு 1787-88. ஹிஜ்ரியாகக் கொண்டால் 1800-01. திப்பு மாண்டதோ 1799 மே மாதம்! இறந்தவர் பட்டறை நடத்தியதாகும்.

'துப்பாக்கி' துருக்கிய வேரினது, 'பீரங்கி' பறங்கியரைச் சுட்டிய சொல்வழி வந்தது என்று மொழியியலார் வகுப்பில் விரித்துரைப்பர். அப்பொருளின் மேலேயே பொறித்த எழுத்தை எவர் படிப்பது? திருப்பதியில் கல்வெட்டியல் பயில்வோர்க்குப் பாரசீக எழுத்தும் எண்களும் சிறிதேனும் கற்பிக்கப்பட வேண்டும். அதற்குமுன் உடனடியாகச் செய்யத்தக்கது ஒன்றுண்டு: மருந்தறைக்கு மேலுள்ள குழற்பகுதியை உப்புத்தாளிட்டுத் தேய்த்துத் துரு நீக்குவதை நிறுத்துதல். பொறிப்புகள் பெரும்பாலும் அங்கேதான் உள்ளன.