வண்ணமீன் வெளுப்பது ஏன்? செண்டுமல்லியில் இருக்கிறது பாதி விடை

வீட்டுக் கொல்லையில் சிமென்ட் தொட்டி கட்டி வண்ணமீன் வளர்க்கலாமா என்று யோசிக்கிறீர்களா? 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் இதற்கு மானியம் உண்டு. கொல்லைப்புற அலகுக்கு 3 லட்சம் ரூபாய் செலவு என்று கணக்கிட்டு, பொதுப் பிரிவினருக்கு அதில் 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் தருகிறார்கள். மீதி உங்கள் கைப்பணம். அது திரும்புவது மீனின் எடையில் இல்லை, நிறத்தில். கட்லா, ரோகுவை கிலோ கணக்கில் விற்கலாம். வெளுத்த வண்ணமீனை கொளத்தூர் சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கடல்மீனுக்குக் கூடுதல் விலை என்று சிலர் ஆசை காட்டலாம். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் வாழும் ராஸ் இன மீன்களைப் பாருங்கள். அவற்றில் பல இனங்கள் பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறுபவை. மாறும்போது உடல் நிறமே வேறாகிவிடும். ஒரே இன மீன் இரண்டு நிறத்தில் விற்பனைக்கு வருவது இதனால்தான். பெரும்பாலும் கடலில் பிடித்து வருபவை. தருமபுரியில் உப்புநீர் தயாரித்து இவற்றை வளர்ப்பது நமக்குக் கட்டுப்படியாகாது என்பதே என் கருத்து.

நம் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் போன்ற குட்டி போடும் மீன்களுக்கு அது ஒத்துப்போகும். மென்னீர் கேட்கும் டிஸ்கஸ், டெட்ரா பக்கம் போக வேண்டாம்.

இனி நிறத்துக்கு வருவோம். கறுப்பு நிறமியை மீன் தானே உண்டாக்கிக்கொள்ளும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக்குக் காரணமான கரோட்டினாய்டுகளை மீனால் உண்டாக்க முடியாது. தீனியில்தான் கிடைக்க வேண்டும். தவிடும் பிண்ணாக்கும் மட்டும் போட்டால் நல்ல வித்தில் வந்த மீனும் சில மாதங்களில் வெளுக்கும். நாமக்கல் பக்கம் முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறமேற்றக் கோழித் தீவனத்தில் சேர்க்கிறார்களே, செண்டுமல்லிச் சாறு, அதில் இருக்கும் லூட்டீன் மீனுக்கும் உதவும். விலை விழும் நாட்களில் சாலையோரம் கொட்டும் பூ நம் மாவட்டத்தில் கொஞ்சமா? இதழை மட்டும் உதிர்த்து நிழலில் உலர்த்திப் பொடியுங்கள். வெயிலில் காய்ந்தால் நிறமி சிதைந்துவிடும். லூட்டீன் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் உகந்தது. ஆழ்ந்த சிவப்பு வேண்டுமானால் இறால் ஓட்டுத்தூளோ சுருள்பாசியோ சேர்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் எல்லாத் தொட்டிக்கும் போடாதீர்கள். ஒரு தொட்டிக்கு மட்டும் போட்டு, ஒரு மாதம் கழித்துப் பக்கத்துத் தொட்டி மீனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தீனி சரியாக இருந்தும் மீன் வெளுத்தால் தொட்டியைக் கவனியுங்கள். வெள்ளைத் தரை, நெரிசல், பயண அலுப்பு எல்லாம் நிறத்தைக் குறைக்கும். வெளிச்சமே படாத இடத்தில் தங்கமீன் வெளிறிப்போகும். ஆகவே வந்திறங்கிய அன்றே மீனின் நிறத்தை மதிப்பிட வேண்டாம். இரண்டு, மூன்று நாள் விட்டுப் பாருங்கள்.

தாய்மீன் வாங்கும்போதுதான் உண்மையான ஆபத்து. பெண் கப்பி இயல்பில் மங்கலானது. உடல் முழுக்க வண்ணத்தோடு பெண் கப்பி வந்தால், ஹார்மோன் கொடுத்ததா என்று கேளுங்கள். அந்த நிறம் நிற்காது. குட்டி போடும் திறனும் கெடலாம். கண்ணாடி மீனுக்கு ஊசியில் சாயம் ஏற்றி விற்கும் வேலையும் இந்தத் தொழிலில் உண்டு. பச்சை, ஊதா என்று மின்னினாலும் அதன் குட்டி நிறமில்லாமல்தான் பிறக்கும்.

இன்னொன்று, பைரித்ராய்டு மருந்து அடித்த வயல் பூவைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பூவுக்குத் தெளிக்கும் அளவில் மிகச் சிறு பங்குகூட மீனைக் கொன்றுவிடும். தீவனத்துக்கென்று வரப்போரம் நாலு பாத்தி மருந்தில்லாமல் விட்டுவையுங்கள். தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதித்த பிறகே தொட்டி கட்டுங்கள். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலும் முதலில் போய் விசாரியுங்கள். மானிய விண்ணப்பத்தைப் பிறகு எழுதலாம்.