விருந்தினரின் கணக்கும் தீவின் கணக்கும்

கோடை விடுமுறை நெருங்கும்போது திண்டுக்கல்லிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் 'ராமேசுவரம் போய்விட்டு வரலாமா?' என்ற பேச்சு எழுவது வழக்கம். பயணத் திட்டமும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும். சனிக்கிழமை நள்ளிரவில் வேன் புறப்பட வேண்டும். விடியலில் அக்னி தீர்த்தத்தில் நீராடல், அடுத்து கோயில், நண்பகலில் தனுஷ்கோடி, மாலையில் பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடம், திரும்பும் வழியில் பாம்பன் பாலத்தில் நின்று சில புகைப்படங்கள். திங்கள்கிழமை பொழுது விடிவதற்குள் வீடு.

என் குடும்பத்தாரும் சென்ற ஆண்டு இப்படித்தான் சென்று வந்தோம். வழியில் ஏற்பட்ட தாமதத்தால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோயில் நடை சாத்தும் நேரமாகிவிட்டது. தனுஷ்கோடிச் சாலையில் வாகனங்கள் வரிசைகட்டி நின்றதால், அரிச்சல்முனையில் நாங்கள் நின்றது அரை மணி நேரம்கூட இருக்காது. போக ஐந்து மணி, வர ஐந்து மணி என, தீவைப் பார்த்த நேரத்தைவிட வேனில் அமர்ந்திருந்த நேரமே அதிகம்.

ஊர் திரும்பியதும் பழைய ஆசிரியப் பழக்கத்தில் செலவுக் கணக்கை எழுதிப் பார்த்தேன். பெரும்பகுதி வேன் வாடகை. அது திண்டுக்கல்லுக்கே உரியது. டீசலும் இங்கேயே நிரப்பப்பட்டது. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் வீட்டிலிருந்து கட்டிச் சென்றவை. இரவு உணவு மதுரைக்கு அருகே. தீவுக்குள் நாங்கள் செலவிட்டது தீர்த்த நீராடலுக்கான கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம், இளநீர், பிள்ளைகளுக்கு வாங்கிய சிப்பி மாலைகள் ஆகியவற்றுக்கு மட்டுமே. அதே நேரத்தில் நாங்கள் பயன்படுத்திய தண்ணீர், விட்டுவந்த குப்பை, அடைத்து நின்ற சாலை ஆகிய அனைத்தின் சுமையும் தீவின் மீதே விழுந்தது. பயன் ஓரிடத்திலும் செலவு வேறோரிடத்திலும் சேரும் இந்நிலையைப் பொருளாதாரத்தில் புறவிளைவு என்போம். ஒரு வேனைப் பொருத்தவரை அது அற்பம். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான வாகனங்கள் நுழையும்போது அற்பமன்று.

இன்று இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மண்டபத்தோடு ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரல் 6-இல் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம் கொண்ட புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் திறக்கப்பட்ட பிறகே தீவுக்கு மீண்டும் ரயில் வந்தது. பழனி, திண்டுக்கல் வழியாக மதுரை வரை இயங்கிய அமிர்தா விரைவு ரயிலும் இப்போது ராமேசுவரம் வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலமும், 2017-இல் அரிச்சல்முனை வரை போடப்பட்ட சாலையும் ஏற்கெனவே உள்ளன. தீவை அடைவது இவ்வளவு எளிதாக என்றும் இருந்ததில்லை.

வருவோரைத் தாங்கும் ஆற்றல் தீவுக்கு அதே வேகத்தில் கூடிவிடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ராமேசுவரம் நகரில் வசித்தோர் 44,856 பேர். தீவில் ஆறு கிடையாது. மணற்பரப்பின் அடியில் தேங்கும் மழைநீரே அதன் இயற்கையான நன்னீர். அளவுக்கு மீறி அதை இறைத்தால் கடல்நீர் உட்புகும். தெற்கே மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளும் கடற்புல் வெளிகளும் 1986 முதல் தேசியப் பூங்காவின் பாதுகாப்பில் இருப்பவை. தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கான சரணாலயத்தை 2025 ஜூனில் தமிழக அரசு அறிவித்தது. 1964 டிசம்பர் புயல் ஓர் ஊரையே அழித்த அந்த மணல்திட்டு, எத்தனை வாகனங்களையும் ஏற்கும் திடல் அன்று.

இதைச் சொல்லும் தகுதி திண்டுக்கல்காரர்களுக்குச் சற்று அதிகமாகவே உண்டு. நம் மாவட்டத்தில்தான் கொடைக்கானல் இருக்கிறது. மே மாத வார இறுதியில் மலைச்சாலையில் மணிக்கணக்கில் வாகனங்கள் நிற்பதையும், அவசரத்துக்கு மருத்துவமனை செல்ல வேண்டிய உள்ளூர்வாசி நடுவழியில் தவிப்பதையும் நாம் அறிவோம். சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் அங்கே இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 என்று வாகனங்களுக்கு வரம்பும் விதிக்கப்பட்டது. கொடைக்கானலில் வெளியூர் வாகனங்களைக் குறைகூறும் நாமே, பாம்பனைக் கடந்ததும் வெளியூர் வாகனமாகிவிடுகிறோம்.

சிக்கல் முற்றிய பிறகு மேற்கொள்ளப்படும் தீர்வு கடுமையாகவே இருக்கும். பிலிப்பின்ஸின் பொராக்காய் தீவில் கழிவுநீர் கடலில் கலந்ததால், 2018-இல் அந்நாட்டு அரசு அதைப் பயணிகளுக்கு ஆறு மாதம் மூடியது. மீண்டும் திறந்தபோது, ஒரே நேரத்தில் தீவில் 19,215 பயணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பிட்டது. அந்த ஆறு மாதமும் வேலையிழந்து நின்றவர்கள் படகோட்டிகளும் விடுதிப் பணியாளர்களும்தான். வெனிஸ் நகரம், இரவு தங்காமல் திரும்பும் பயணிகளிடம் நெரிசல் மிகுந்த நாள்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வசூலிப்பதை 2024 ஏப்ரலில் தொடங்கியது.

ராமேசுவரத்துக்கு இவ்விரண்டும் பொருந்தா. அங்கே வருவோரில் பெரும்பகுதியினர் சுற்றுலாப் பயணிகள் அல்லர். முன்னோருக்குக் கடன் செலுத்த வருபவர்கள். ஆடி அமாவாசைக்கு வரும் ஓர் ஏழைக் குடும்பத்திடம் நுழைவுக் கட்டணம் கேட்பது அறமாகாது. ஆகவே, எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைவிட, எப்படி வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதில் கவனம் செலுத்துவதே நம் சூழலுக்கு உகந்தது.

ஓர் இரவு தங்கும் பயணி விட்டுச்செல்லும் பணம் பல கைகளுக்குச் செல்கிறது. அறை வாடகை, இரவு உணவு, காலை இட்லி, தனுஷ்கோடிக்கு ஆட்டோ, வறுத்த மீன் என அது ஊருக்குள் சுழல்கிறது. பெரிய விடுதிகளில் தங்கினால் அதில் ஒரு பகுதி வெளியே போய்விடும் என்பதும் உண்மை. உள்ளூரார் நடத்தும் சிறு விடுதிகளில் அந்தக் கசிவு குறைவு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். மீனவர் வீட்டில் வருமானம் சுருங்கும் அந்த நாள்களே நமக்கு விடுமுறைக் காலம். அப்போது நாம் செலவிடும் தொகை எங்கே போய்ச் சேருகிறது என்பது அக்குடும்பங்களுக்கு முக்கியமானது.

பயணிக்கும் இதில் இழப்பில்லை. ரயிலில் சென்று நண்பகலுக்குள் தீவை அடைந்தால், மாலையில் நடை திறந்ததும் கோயிலைப் பதற்றமின்றித் தரிசிக்கலாம். மறுநாள் காலையில் வெயில் ஏறுமுன் அரிச்சல்முனையில் நின்றால், மக்கள் பெண்கடல் என்றழைக்கும் அமைதியான வடகடலும், ஆண்கடல் என்றழைக்கும் சீற்றம்மிகு தென்கடலும் கூடுவதைக் காணலாம். பிறகு கலாம் நினைவிடத்தைப் பார்த்து, அன்று பிற்பகலே ஊர் திரும்பலாம். கூடுதலாகத் தேவைப்படுவது ஓர் இரவு மட்டுமே.

அந்த ஓர் இரவின் செலவு பலருக்குச் சுமை என்பதை மறுக்க முடியாது. இங்குதான் அரசின் கடமை வருகிறது. சேதுபதி மன்னர்கள் சேதுப் பாதை நெடுகிலும் சத்திரங்களை அமைத்தார்கள். தனுஷ்கோடிச் சாலையில் உள்ள முகுந்தராயர் சத்திரம் என்ற ஊரின் பெயரே அம்மரபை நினைவூட்டுகிறது. யாத்திரை என்றால் தங்கிச் செல்வது என்ற புரிதல் அன்று இருந்தது. குறைந்த வாடகையில் தூய்மையான பொதுத் தங்குமிடங்களை அரசு அமைக்க வேண்டும். வெளியூர் வாகனங்களை நகரின் எல்லையிலேயே நிறுத்தி, அங்கிருந்து கோயிலுக்கும் தனுஷ்கோடிக்கும் அரசுப் பேருந்துகளை அடிக்கடி இயக்க வேண்டும். நாள்தோறும் நுழையும் வாகனங்களின் எண்ணிக்கையையும் தண்ணீர், கழிவு அளவுகளையும் பதிவு செய்து வெளியிட வேண்டும். கணக்கு கையில் இருந்தால், நீதிமன்றம் தலையிடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கொடைக்கானலுக்கு வருவோரிடம் நாம் எதிர்பார்க்கும் நிதானத்தை, பாம்பன் பாலத்தைக் கடக்கும்போது நாமும் கடைப்பிடிப்போம். இந்தக் கோடையில் வேனுக்கு முன்பணம் கொடுக்குமுன், ரயிலில் இடம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.